அடியில் சலசல, மேலே அடை: தகரக் குதிரில் வேகும் மக்காச்சோளம்

அரூர் பக்கத்துக் கிராமம் ஒன்றிலிருந்து ஒரு சகோதரி நான்கு பக்கத்துக்குக் கடிதம் எழுதியிருக்கிறார். பெயரும் ஊரும் வேண்டாம் என்று கேட்டிருப்பதால் விட்டுவிடுகிறேன். கணவர் ஓசூரில் கம்பெனி வேலை. இவரும் மாமனாரும்தான் காட்டைப் பார்க்கிறார்கள். இரண்டு ஏக்கர் மக்காச்சோளம். அறுத்த வாரத்திலேயே மழை பிடித்துக்கொண்டது. களத்தில் போட வழியில்லாமல் ஐந்து டன் மணியையும் மெஷினில் உதிர்த்து, தம்பி வெல்டிங் பட்டறையில் செய்துகொடுத்த தகரக் குதிரில் ஏழடி உயரத்துக்குக் கொட்டிவிட்டார்கள். ஆறரை அடி அகலக் குதிர், அடியில் துளைத் தகடு, அதற்குக் கீழே ஒரு குதிரைத்திறன் புளோயர், அதன் வாயில் இரண்டு ஹீட்டர். எல்லாம் பம்புசெட்டுக்கு வரும் கரன்டில். பகலில் மட்டும் நான்கு நாள் ஓட்டியிருக்கிறார்கள்.

இப்போது அடியில் இருக்கும் மணி சலசலவென்று காய்ந்திருக்கிறது. மேலே அடை தட்டியதுபோல் இறுகி, புளித்த வாடை வருகிறது. கையை உள்ளே விட்டால் எருக்குழியில் விட்டதுபோல் கதகதக்கிறது. மழைக்குப் பயந்து மூடியைப் போட்டே வைத்திருக்கிறார்கள். தம்பி இன்னும் நான்கு ஹீட்டர் வாங்கலாம் என்கிறார். மாமனார் அடியில் கரி அடுப்பு வைக்கச் சொல்கிறார். ஒன்பதாவது படிக்கும் மகன் உள்ளே இறங்கி அடையை மிதித்து உடைத்திருக்கிறான். வியாபாரி மீட்டர் வைத்துப் பார்த்து 22 சதவீதம் ஈரம் என்று சொல்லி, காய்ந்தால் குவிண்டால் 2,250, இப்படியே என்றால் 1,750 என்கிறார். "சூட்டைக் கூட்டினால் சீக்கிரம் முடியுமா? கெட்டதை மாட்டுக்குப் போடலாமா? காயவைத்தால் எடை குறையுமே, அதற்கு ஈரத்திலேயே தள்ளிவிடலாமா ஐயா?" முக்கியமான கேள்விகள் இவை.

அம்மா, மற்றதெல்லாம் அப்புறம். இனி உங்கள் மகனோ வேறு யாருமோ அந்தக் குதிருக்குள் இறங்கக் கூடாது. மேலே அடை இறுகியிருக்கும்போது அடியில் கொஞ்சம் மணியை எடுத்திருந்தால், அடைக்குக் கீழே வெற்றிடம் விழுந்திருக்கும். வெளியிலிருந்து பார்த்தால் தெரியாது. கால் வைத்ததும் அடை உடைந்து, ஆள் உள்ளே போவான். மார்பளவு புதைந்தவனை இரண்டு பேர் சேர்ந்து இழுத்தாலும் மேலே கொண்டுவர முடியாது. மணி இறுக்கிப் பிடித்துக்கொள்ளும். அவன் இறங்கிய அன்று அடிக்கதவை யாரும் திறக்காமல் இருந்தீர்கள். அது நல்ல நேரம், அவ்வளவுதான்.

மேல்மணி ஏன் நனைந்தது?

மேலே இருக்கும் மணி இன்னும் காயவில்லை என்று எழுதியிருக்கிறீர்கள். உண்மை அதைவிட மோசம். கொட்டியபோது இருந்ததைவிட இப்போது அதில் ஈரம் அதிகம். அடிமணியிலிருந்து கிளம்பிய தண்ணீர் மேலே போய் அங்கே இறங்கியிருக்கிறது.

இட்லிக் குண்டானை நினைத்துக்கொள்ளுங்கள். ஆவி மேலே ஏறி, மூடியில் பட்டு, சொட்டாகத் திரும்புகிறது. உங்கள் குதிரிலும் அதுதான் நடந்தது. சூடான காற்று அடிமணியில் ஈரத்தை எடுத்துக்கொண்டு ஏழடி மணிக்குள் ஏறுகிறது. ஏற ஏறக் குளிர்கிறது. குளிர்ந்த காற்றால் அவ்வளவு ஈரத்தைச் சுமக்க முடியாது, வழியிலேயே இறக்கிவைத்துவிடுகிறது. மிச்சம் தகர மூடியில் முத்து முத்தாகக் கோத்து மேல்மணிமேல் விழுகிறது. இரவில் கரன்டும் இல்லை, காற்றும் இல்லை. ஈர மணி மூச்சுவிட்டுக்கொண்டே இருக்கும் பொருள். காற்றோட்டம் நின்றால் அதன் மூச்சே அதைச் சுடவைக்கும். நீங்கள் கையில் உணர்ந்த கதகதப்பு ஹீட்டரிலிருந்து வந்ததல்ல. மணியும் பூசணமும் சேர்ந்து உண்டாக்கிய சூடு அது.

ஆகவே நான்கு ஹீட்டர் கூடுதலாக வைத்தால் அடி இன்னும் வறுபடும், மேலே இன்னும் நனையும். உங்கள் தம்பி கெட்டிக்காரர், துளைத் தகடெல்லாம் சரியாகவே யோசித்துச் செய்திருக்கிறார். ஆனால் காயவைப்பது சூடு என்று நினைத்துவிட்டார். காயவைப்பது காற்று. அந்தக் காற்றுக்குத் தாகம் உண்டாக்குவது மட்டுமே சூட்டின் வேலை.

எவ்வளவு சூடு போதும்?

மழைக்கால நாள் ஒன்றில் வெளியே 24 டிகிரி, காற்றின் ஈரப்பதம் 85 சதவீதம் என்று வைத்துக்கொள்வோம். அந்தக் காற்றை அப்படியே எத்தனை நாள் ஊதினாலும் மக்காச்சோளம் 17, 18 சதவீதத்துக்குக் கீழே இறங்காது. அதே காற்றை 6 டிகிரி மட்டும் சூடாக்கினால் ஈரப்பதம் 60 சதவீதத்துக்கு வந்துவிடும். மணி 12, 13 வரை காயும். உங்களுக்கு வேண்டியது 14. காற்றை 11 டிகிரி சூடாக்கினால் ஈரப்பதம் ஏறக்குறைய பாதியாகும், இது பொதுக் கணக்கு. 20 டிகிரி ஏற்றினால் 30 சதவீதத்துக்கும் கீழே போய், அடிமணி 7 சதவீதம் வரை வறண்டு விரிசல் விடும். அது உங்கள் பணம். 22 சதவீதத்தில் இருக்கும் ஒரு டன் மணி 14க்கு வந்தால் 907 கிலோ நிற்கும். 10க்குக் காயவிட்டால் 867 தான். டன்னுக்கு 40 கிலோவை விறகு போட்டு எரித்து ஆகாயத்துக்கு அனுப்புகிறீர்கள்.

சூடு குறைவாக இருந்தால் காற்று நிறைய வேண்டும். 6 டிகிரி சூடேறிய காற்று, கன மீட்டருக்கு ஏறத்தாழ 2 கிராம் தண்ணீர்தான் சுமக்கும். ஒரு டன்னிலிருந்து 93 கிலோ தண்ணீர் வெளியேற வேண்டுமென்றால் எத்தனை ஆயிரம் கன மீட்டர் காற்று போக வேண்டும் என்று மகனிடம் கணக்குப் போடச் சொல்லுங்கள். ஏழடி மணிக்குள் அவ்வளவு காற்றைத் தள்ள ஒரு குதிரைத்திறன் புளோயரால் ஆகாது. இரண்டரை அடிக்குள் என்றால் தாராளமாக ஆகும். உங்கள் குதிரில் அது ஒன்றரை டன்னுக்குச் சற்று மேல் வரும். இரவு பகல் நிறுத்தாமல் ஓட்டினால் இரண்டு நாளில் ஒரு ஈடு இறக்கலாம்.

குதிர் பெரியது என்பதற்காக நிறைத்தாக வேண்டும் என்றில்லை. காய்ந்த பிறகு கழுத்துவரை நிறைத்துக்கொள்ளுங்கள்.

முதலில் செய்ய வேண்டியவை

இன்றே மூடியைத் திறந்து, ஒன்றரை அடி உயரத்தில் நாலு கால் நட்டுத் தகரமோ தார்ப்பாயோ போட்டு, பக்கவாட்டில் காற்று வெளியேற வழி விடுங்கள். நடுவில் நிறுத்தாமல் புளோயரை ஓடவிடுங்கள். ஹீட்டர்கள் வேண்டாம்.

அடிக்கதவை மூடிவைத்துவிட்டு, வெளியே ஏணியில் நின்றபடி நீளக் காம்பு போட்ட கொத்தாலும் முறத்தாலும் மேல் அடையை முழுதாக அள்ளிவிடுங்கள். அரையடி போனாலும் போகட்டும், சுமார் 300 கிலோ. மூக்கில் துணி கட்டிக்கொள்ளுங்கள், அந்தத் தூசி நெஞ்சுக்கு ஆகாது. அடை முழுதும் போன பிறகே அடிக்கதவைத் திறக்கலாம். முதலில் வருவது வறண்ட மணி. அதைத் தனியே மூட்டை கட்டுங்கள், கடைசியில் நல்ல மணியோடு கலக்கலாம். பிறகு ஈர மணி வரும். இரண்டரை அடியை உள்ளேயே விட்டு, மிச்சத்தைக் கொட்டகையில் அரையடி கனத்துக்குப் பரப்பி, நாளுக்கு நாலைந்து முறை கிளறிவிடுங்கள். வெயில் அடித்தால் களத்துக்கு மாற்றிவிடலாம். வெயிலை மிஞ்சிய உலர்த்தி இல்லை, காசும் கேட்காது.

அடுத்த வருடத்துக்கு ஒன்று சொல்கிறேன்: எல்லாவற்றையும் ஒரே நாளில் உதிர்க்காதீர்கள். கதிராக இருக்கும்வரை நடுவே காற்று புகும், வாரக்கணக்கில் தாங்கும். உதிர்த்த ஈர மணிக்கு அந்தத் தவணை கிடையாது. மெஷின்காரர் அவசரப்படுத்துவார், அது அவர் பிழைப்பு.

கரி அடுப்பு வேண்டாம், சோளக்கட்டை அடுப்பு சரி

மாமனார் சொல்வதில் பாதி நியாயம் இருக்கிறது. அந்தக் காலத்தில் அடுப்புக்கு மேல் பரணில் கட்டிவைத்த சோளக்கதிரைப் புகைதான் காப்பாற்றியது. ஆனால் அது காற்றுப் போகும் பரண். குதிருக்கு அடியில் கரி வைத்தால் சோளத் தூளும் உமியும் தீப்பொறிக்குக் காத்திருக்கும். அதைவிட மோசம், கரிப்புகையில் இருக்கும் கார்பன் மோனாக்சைடு. நிறமில்லை, வாடையில்லை. அடைத்த கொட்டகையில் அருகே படுத்துக் காவல் காப்பவர் காலையில் எழுந்திருக்க மாட்டார். நேரடிப் புகை பட்ட மணியில் வாடை ஏறும், வியாபாரிக்கு இன்னொரு சாக்கு.

சூடு மட்டும் உள்ளே போக வேண்டும், புகை வெளியே போக வேண்டும். பழைய 200 லிட்டர் டிரம்மை அடுப்பாக்கி, புகைபோக்கியைக் கொட்டகைக்கு மேலே, புளோயர் இழுக்கும் திசைக்கு எதிரே விடச் சொல்லுங்கள். டிரம்மைச் சுற்றி ஒரு சாண் இடைவெளியில் தகர உறை. அந்த இடைவெளி வழியாக வரும் சுத்தமான காற்றை மட்டும் புளோயர் இழுக்கட்டும். உங்கள் தம்பிக்கு ஒரு நாள் வேலை. விறகும் வாங்க வேண்டாம். மணி உதிர்த்துப் போட்ட சோளக்கட்டை கிடக்கிறதே, அதுவே போதும். ஒரு ஈட்டுக்கு 100, 120 கிலோ காய்ந்த கட்டை ஆகும். கரன்ட் போனால் உடனே நெருப்பை இழுத்து வெளியே போட ஒரு ஆள் பக்கத்தில் இருக்க வேண்டும்.

கடையில் வெப்பமும் ஈரப்பதமும் காட்டும் சின்ன மீட்டர் கிடைக்கும். துளைத் தகட்டுக்குக் கீழே வைத்துப் பாருங்கள். காற்றின் ஈரப்பதம் 55க்கும் 65க்கும் நடுவில் நின்றால் அடுப்பு சரி. குறைந்தால் கட்டையைக் குறையுங்கள். மதியம் வெயில் அடித்து வெளிக்காற்றே 60க்கு வந்துவிட்டால் அடுப்பை அணைத்துவிட்டுக் காற்றை மட்டும் ஓட்டலாம்.

இலவச மின்சாரம் பற்றி

பம்புசெட்டுக்கு வரும் கரன்ட் விவசாயத்துக்குத்தானே, சோளம் காயவைப்பதும் விவசாயம்தானே என்று கேட்டிருக்கிறீர்கள். கேள்வி நியாயமாகத்தான் தோன்றுகிறது. ஆனால் அந்த இணைப்பு தண்ணீர் இறைக்கக் கொடுத்தது. எந்தக் காரியத்துக்கு இணைப்பு கொடுத்தார்களோ அதை விட்டு வேறொன்றுக்குப் பயன்படுத்தினால், மின்சாரச் சட்டம் 2003-இன் 126-ஆம் பிரிவின்படி அங்கீகாரமற்ற பயன்பாடு. உரிய கட்டணத்தைப்போல் இரண்டு மடங்கு கணக்கிட்டுக் கேட்கலாம். ஐந்து டன் சோளத்துக்காக மோட்டார் இணைப்பைப் பிரச்சினையில் மாட்டிவிடாதீர்கள். அடுப்பு வைத்துவிட்டால் புளோயருக்கு மட்டும்தான் கரன்ட், மணிக்கு ஒரு யூனிட்டுக்குள் ஆகும். எந்த இணைப்பில் ஓட்டலாம் என்று மின்வாரியப் பிரிவு அலுவலகத்தில் எழுதிக் கேட்டுவிடுங்கள், வாய்வார்த்தை வேண்டாம். வீட்டு காஸ் சிலிண்டரை வைத்துச் சூடாக்கும் யோசனை யாராவது சொன்னால் அதுவும் சட்டப்படி கூடாது. தகரக் குதிருக்கு எர்த் போட்டிருக்கிறதா என்றும் பாருங்கள். மழையில் நனைந்த தகரம், ஈரத் தரை, வெறுங்கால்: இது நான் பயப்படும் கூட்டணி.

கெட்ட சோளத்தை மாட்டுக்குப் போடலாமா?

கூடாது. "வெயிலில் காயவைத்துத் தேய்த்துக் கழுவினால் பூசணம் போய்விடுகிறது" என்று எழுதியிருக்கிறீர்கள். பூசணம் போகும், அது விட்டுப்போன நஞ்சு போகாது. அஃப்லாடாக்சின் என்று பெயர். வெயில், கொதிநீர், வறுவல் எதற்கும் அது பெரிதாக அசையாது. கல்லீரலைத் தாக்கும். 1974-இல் ராஜஸ்தான், குஜராத் பக்கம் மழையில் கெட்ட மக்காச்சோளத்தைத் தின்று நூற்றுக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். மாடு தின்றால் பாலில் இறங்கும், அந்தப் பாலை உங்கள் வீட்டுப் பிள்ளைகள்தான் குடிப்பார்கள். கோழிக்கும் வாத்துக்கும் இன்னும் ஆகாது. அடை பிடித்த 300 கிலோவைக் குழி தோண்டிப் புதைத்துவிடுங்கள். மனசு வலிக்கும், தெரியும்.

அதை நல்ல மணியோடு கலந்து தள்ளிவிடலாம் என்று யாராவது சொல்வார்கள். தானியங்களில் அனுமதித்த அளவு கிலோவுக்கு 15 மைக்ரோகிராம் மட்டுமே. ஒரு கூடை கெட்டது ஒரு வண்டி நல்லதைக் கெடுக்கப் போதும். நம் பக்கத்துச் சோளம் பெரும்பாலும் நாமக்கல் கோழிப் பண்ணைத் தீவனத்துக்குத்தான் போகிறது. தீவனக்காரர்கள் இதைச் சோதிக்கத் தெரிந்தவர்கள்.

குருணைப் பூச்சி வராமலிருக்க நச்சுவாயு விடும் மாத்திரை போடலாமா என்று ஒரு வரி கேட்டிருக்கிறீர்கள். வேண்டவே வேண்டாம். அதிலிருந்து வரும் வாயுவுக்கு முறிவு மருந்து கிடையாது. ஈர மணியில் அது இன்னும் வேகமாகக் கிளம்பும். குதிரும் வீட்டை ஒட்டி இருக்கிறது.

விற்பதா, காயவைப்பதா?

எடை குறையும் என்ற உங்கள் பயம் உண்மைதான். ஆனால் குறைவது தண்ணீர். 22 சதவீதத்தில் இருக்கும் 100 கிலோ, 14க்கு வந்தால் 90 கிலோ 700 கிராம். 2,250 ரூபாய் விலைக்கு அது ஏறத்தாழ 2,040 ரூபாய். வியாபாரி கொடுப்பதாகச் சொன்னது 1,750. நூறு கிலோவுக்கு 290 ரூபாய் உங்கள் பக்கம். புளோயர் கரன்ட், ஆள் கூலி எல்லாம் போனாலும் நிற்கும். ஈர விலையாக 1,950 கொடுத்திருந்தால் "கொடுத்துவிட்டு நிம்மதியாகத் தூங்குங்கள்" என்று நானே சொல்லியிருப்பேன். இப்போதும் ஒன்று: இரண்டு நாளில் புளோயரை முறையாக ஓட்ட வழி செய்ய முடியாது என்று தோன்றினால், அடையை நீக்கிவிட்டு மீதியை அந்த 1,750-க்கே கொடுத்துவிடுங்கள். ஒரு வாரம் போனால் 1,750-க்கும் ஆள் வராது.

விற்குமுன் ஒழுங்குமுறை விற்பனைக்கூடத்தில் ஒரு கை மணி கொண்டுபோய் ஈரம் பார்த்துக்கொள்ளுங்கள். மேல், நடு, அடி மூன்றிலும் எடுத்துக் கலந்த மணியாக இருக்கட்டும். அங்கே விற்றால் விவசாயியிடம் கமிஷன் பிடிப்பதில்லை. வீட்டுக்கு வரும் வியாபாரி என்றால், மீட்டர் எண்ணை உங்கள் கண்முன் காட்டச் சொல்லுங்கள். ஈரத்துக்கு என்று விலையிலும் குறைத்து, மூட்டைக்கு இரண்டு கிலோ எடையிலும் கழித்தால் ஒரே ஈரத்துக்கு இரண்டு முறை பிடிக்கிறார் என்று அர்த்தம்.

மீட்டர் இல்லாத நாட்களுக்கு ஒரு வழி. நன்றாகக் காய்ந்த கண்ணாடிப் பாட்டிலில் மூன்றில் ஒரு பங்கு மணி போட்டு, வாணலியில் வறுத்து ஆறவைத்த உப்பு ஒரு கரண்டி சேர்த்து, மூடி ஒரு நிமிடம் குலுக்குங்கள். கால் மணி நேரம் கழித்துப் பாருங்கள். உப்பு கண்ணாடியில் ஒட்டினால் ஈரம் 15க்கு மேல். உதிர்ந்து அடியில் விழுந்தால் மூட்டை கட்டலாம்.

கடிதத்தின் ஓரத்தில், வீட்டுக்கு வைத்திருக்கும் ஆறு மூட்டை கேழ்வரகையும் இதே குதிரில் போடலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். அந்தத் துளையில் கேழ்வரகு கொட்டிப்போகும். நின்றாலும், பொடி மணி காற்றை விடாது. தார்ப்பாயில் இரண்டு விரல் கனத்துக்குப் பரப்பி வெயிலிலேயே காயவையுங்கள். அதில் விதைக்கு எடுப்பதைத் தனியாக வையுங்கள், 40 டிகிரிக்கு மேல் சூடு பட்டால் முளைப்பு அடிபடும். மெஷினடியில் கிடக்கும் சோளக்கட்டையை மட்டும் இன்று சாயங்காலமே கொட்டகைக்குள் அள்ளிப் போடச் சொல்லுங்கள், நனைந்தால் எரியாது.